உடற்புண்ணும் அறிவின் கலக்கமும்

மனித சரீரத்தில் ஓர் உறுப்பிற்கு உண்டாகும் நோவு அவ்வுறுப்போடு நின்றுவிடுவதில்லை என்பது யாவரும் அனுபவத்தால் அறிந்த உண்மையாம். காலில் ஒரு முள் தைத்துச் சீழ்ப்பிடித்தால் உடம்பு முழுவதும் காய்கின்றது. வாய்க்கு உணவு வேண்டாதாகின்றது. படித்த பாடம் மனத்திற் பதிவதில்லை. இதனை நாம் பலகாலுங் காண்கின்றோமாயினும், காலிலுள்ள புண் தலையிலுள்ள அறிவை எவ்வழியாகச் சென்று தொடுகின்றது என ஆராய்வோர் சிலரே. அவ்வாராய்ச்சியின் ஒரு பகுதியை, அதாவது இரணசிகிச்சைக்குப் பின் சரீரத்தில் எழும் அழற்சி மூளையைத் தாக்கும் வகையை, ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். முதியோர் வாழும் இல்லங்களிலிருந்து வரும் மாணவர் அனைவர்க்கும் இது பயன்படத்தக்க பொருளென்பது நம் கருத்து.

தொடங்குமுன் சொற்களைப்பற்றி ஒரு வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்த அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் கிறீன் என்பார், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தனர். அவர் சென்ற வழியே நாமும் இயன்றவரை தமிழ்ச் சொற்களையே கொண்டு, நம் மொழியில் வழங்காத சிலவற்றை மட்டும் ஒலியளவில் எழுதிக் காட்டுவோம்.

நிகழ்ச்சி

எழுபத்தைந்து வயதுடைய பாட்டனார் ஒருவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் மேற்பகுதி முறியப்பெற்றார் என வைத்துக்கொள்வோம். வைத்தியர்கள் முறிந்த எலும்பைப் பொருத்தி ஆணியிட்டனர். சிகிச்சை செவ்வையாக முடிந்தது. அன்று மாலை அவர் பிள்ளைகளோடு நன்றாகவே பேசினார். மறுநாட் பொழுது சாய்ந்ததும் நிலை மாறியது. மகனைப் பார்த்து, இறந்துபோன தம் தம்பியின் பெயரைச் சொல்லி அழைக்கின்றார். சுவரில் எறும்புச் சாரி ஊர்வதாகச் சொல்லுகின்றார். வீட்டுக்குப் போகவேண்டுமென்று எழுந்து, கையிற் செருகியுள்ள குழாயைப் பிடுங்கப் பார்க்கின்றார். விடியற்காலையில் தெளிகின்றார், பொழுது சாய மீண்டுங் கலங்குகின்றார்.

சுற்றி நிற்போர் என்ன நினைப்பார்கள்? சிலர் பேய் பிடித்ததென்பர். சிலர் முதுமையினால் புத்தி பேதலித்துவிட்டது, இனி மீளாது என்பர். சிறிது படித்தவரோ, மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்பர். முதலாவது அறியாமை, இரண்டாவது அவசர முடிவு, மூன்றாவது முழுவதும் பொய்யன்று, ஆயினும் உண்மையின் பெரும்பகுதியுமன்று. இவற்றுள் எதை நம்புகின்றோமோ அதற்கேற்பவே நோயாளியை நடத்துவோமாதலால், உண்மைக் காரணத்தை அறிதல் வெறுங் கல்விக்காக மாத்திரமன்று; ஒரு முதியவர் மீண்டு எழுவதும் எழாமையும் சிலகால் அதனைப் பொறுத்திருக்கின்றன.

இருவகைத் துன்பம்

இரணசிகிச்சைக்குப் பின் அறிவிற்கு நேரும் ஊறு இருவகைப்படும். முதலாவது, மேலே கூறியவாறு சிகிச்சை முடிந்த சில நாள்களுக்குள் திடீரெனத் தோன்றி, ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் வருவது. நம் முன்னோர் சன்னி என்றும் பிதற்றல் என்றும் வழங்கிய குறிகள் இதிற் காணப்படும். இதனைச் சித்தக் கலக்கம் என்போம். இரண்டாவது, கூச்சலும் குழப்பமுமின்றி மெல்ல வெளிப்படுவது. வீடு திரும்பிய பின் கணக்குப் பார்ப்பதிற் பிழை நேரும். செய்தித்தாளை ஒரு பத்திக்கு மேற் படிக்க மனம் பொருந்தாது. நெடுநாட் பழகிய பெயர்கள் நாவில் வாரா. இதனை அறிவுத் தளர்ச்சி என்போம். இருவகையும் முதியோரிடத்தே மிகுதி. பலர்க்குச் சில நாளிலோ சில மாதங்களிலோ நீங்கிவிடும். சிலர்க்கு நீங்காது நிற்பதும் உண்டு.

சித்தக் கலக்கத்திலும் ஒரு வேறுபாட்டை நாம் குறிப்பாக அறிதல் வேண்டும். கத்துவோரும் குழாயைப் பிடுங்குவோரும் எல்லோர் கண்ணிலும் படுவர். ஆனால், கலக்கமுற்ற முதியோர் பலர் சத்தமின்றிச் சோர்ந்து கிடப்பர். கேட்டதற்கு மறுமொழி கூறார். உணவை வாயில் வைத்தவாறே உறங்குவர். வீட்டார், ‘தொந்தரவின்றி அமைதியாயிருக்கின்றார்’ என்று மகிழ்வர். அவ்வமைதி நன்மையன்று, அதுவும் கலக்கமே. கண்டுகொள்ளப்படாமையால் அதுவே அதிகத் தீங்கு செய்வதுமாகும்.

மயக்க மருந்தின்மேல் வந்த ஐயம்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயங்கச் செய்து, அவர் அறுவையின் வேதனையை உணராதபடி யாவருங் காணக் காட்டினர். அன்று தொட்டு இரணசிகிச்சை ஒரு கொடுந்தண்டனையாயிருந்த நிலை நீங்கிற்று. ஆயினும், சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அதன் மறுபக்கத்தைப் பற்றிய ஐயமும் எழுந்தது. லண்டன் நகரத்துச் சித்த ரோகிகளின் வைத்தியராகிய ஜார்ஜ் சாவேஜ் என்பவர், மயக்க மருந்து கொடுக்கப்பட்டு அறுவை செய்யப்பெற்றபின் புத்தி கலங்கியோரைப் பற்றி 1887-இல் எழுதினார். 1955-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பெட்போர்ட் என்னும் வைத்தியர், சிகிச்சைக்குப் பின் முதியோர் சிலர் பழைய அறிவு நிலைக்குத் திரும்பவில்லையென்று உறவினர் கூறிய குறைகளை ஆராய்ந்து ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார். அவரும் மயக்க மருந்தின்மீதே பழியைச் சுமத்தினர்.

இது இயல்பான எண்ணமே. மூளையை உறங்கச் செய்யும் மருந்தல்லவோ மூளைக்குத் தீங்கு செய்திருக்கவேண்டும்? அன்றேல், உறங்குங் காலத்தில் இரத்த அழுத்தங் குறைந்தோ, பிராணவாயு போதாமலோ மூளை வாடியிருக்கவேண்டும். இவ்வூகங்களைச் சோதிக்கும் பொருட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமுள்ள மருத்துவமனைகள் பல ஒன்று கூடி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவராய்ப் பெரிய அறுவை செய்யப்பெற்ற 1218 பேரை ஆராய்ந்தன. அதன் முடிவு 1998-இல் வெளியாயிற்று. ஒரு வாரங் கழிந்தபோது நூற்றுக்கு 26 பேரிடத்தும், மூன்று மாதங் கழிந்தபோது நூற்றுக்கு 10 பேரிடத்தும் அறிவுத் தளர்ச்சி காணப்பட்டது. அறுவை செய்யப்படாமல் அதே சோதனைகளுக்கு உட்பட்டவர்களிடத்தோ இது நூற்றுக்கு மூவரளவே. ஆகவே, துன்பம் மெய்யென்பது உறுதியாயிற்று. ஆனால், எதிர்பார்த்த காரணங்கள் உறுதியாகவில்லை. பிராணவாயுக் குறைவும் இரத்த அழுத்தக் குறைவும் இதற்குக் காரணமாக அங்கே காணப்பெறவில்லை.

பின்னும் ஒரு கேள்வி நின்றது. உடல் முழுவதையும் மயக்காமல், முதுகுத்தண்டில் மருந்து செலுத்திக் கீழுடலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் கலக்கம் குறையுமோ? இடுப்புப் பகுதியில் எலும்பு முறிந்தவர்களைக் கொண்டு இக்கேள்வி நேராக ஆராயப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1600 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆராய்ச்சி 2021-இல் வெளியாயிற்று. இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேர் கலக்கமுற்றனர். சீன தேசத்தில் 950 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022-இல் அச்சேறிய ஆராய்ச்சியிலே, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்தவர்களுள் நூற்றுக்கு 6 பேரும், முழு மயக்கம் பெற்றவர்களுள் நூற்றுக்கு 5 பேரும் கலங்கினர். மயக்கும் முறை வேறாயினும் பயன் வேறாகவில்லை. இரு பிரிவினர்க்கும் பொதுவாயிருந்தது யாது? எலும்பு முறிவும், கத்தி இட்ட புண்ணுமே. ஆதலால் நம் கண்களும் மருந்தினின்று புண்ணின்மேல் திரும்புதல் வேண்டும்.

அழற்சி யாது?

ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னர் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்னும் நூலாசிரியர் அழற்சிக்கு நான்கு குறிகள் கூறினார்: சிவத்தல், வீங்குதல், வெம்மை, நோவு. உறுப்பு தன் தொழிலை இழத்தல் என்னும் ஐந்தாங் குறியைப் பிற்காலத்தார் சேர்த்தனர். தீப்பட்டாற்போல் அழலுதலால் அழற்சி என்னும் பெயர் பொருத்தமுடையதே. ஆயினும் அதனை ஒரு நோயென மாத்திரங் கருதுதல் தவறு. அஃது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முதல் முயற்சி. அழற்சியின்றிப் புண் ஆறாது.

அழற்சி கிருமிகளால் மட்டுமே உண்டாவதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அப்படியன்று. 1867-இல் லிஸ்டர் பெருமான் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டபின், கிருமி புகாத அறுவை கைகூடலாயிற்று. அங்ஙனம் முற்றும் தூய்மையாகச் செய்யப்பட்ட அறுவையிலும் அழற்சி எழத்தான் செய்கின்றது. கத்தி பட்டுச் சிதைந்த உயிரணுக்கள், தம்முள் அடங்கியிருந்த சில பொருள்களை வெளியே சிந்துகின்றன. உள்ளிருக்கவேண்டியவை வெளியே காணப்படுதலே ஆபத்தின் அடையாளமென்று இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் உணர்ந்துகொள்ளுகின்றன. உடனே அவை சைட்டோகைன்கள் எனப்படும் தூதுப் பொருள்களைப் பிறப்பிக்கின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்பன அவற்றுட் சில. இத்தூதுவர் இரத்தத்தோடு கலந்து உடம்பெங்கும் ஓடி, ‘புண் உண்டாயிற்று, யாவரும் ஆயத்தமாகுக’ என்று அறிவிக்கின்றனர். அறுவை எவ்வளவு பெரிதோ அவ்வளவிற்கு இவ்வறிவிப்பும் பெரிதாகும்.

செய்தி மூளையை எட்டும் வழிகள்

மூளை ஓர் அரண் சூழ்ந்த நகரம்போல்வது. பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885-இல் விலங்குகளின் இரத்தத்திற் சாயத்தைச் செலுத்தியபோது, மற்ற உறுப்புகள் யாவும் நிறம் பெற, மூளை மட்டும் நிறம் பெறாதிருக்கக் கண்டார். அவருடைய மாணாக்கராகிய கோல்ட்மன், 1913-இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரிலே செலுத்தினார். அப்போது மூளை நிறம் பெற்றது, ஏனைய உடம்பு பெறவில்லை. இவற்றால் இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டென்பது புலனாயிற்று. மூளையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கிப் பொருந்தியிருத்தலே அத்தடுப்பாகும்.

அங்ஙனமாயின் அழற்சியின் செய்தி உள்ளே புகுவது எப்படி? மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தடுப்புக் குறைந்த சில இடங்கள் மூளையிலேயே உண்டு. அவற்றின் வழியாகவும், குழாய்ச் சுவரின் அணுக்களைத் தூண்டுவதனாலும் தூதுப் பொருள்கள் தம் செய்தியை உட்செலுத்துகின்றன. புண்பட்டவனுக்குக் காய்ச்சல் வருவது இவ்வழியாலேயே. உடம்பின் வெப்பத்தை ஆளும் இடம் மூளையில் உள்ளது. அஃது இச்செய்தியைப் பெற்று வெப்பத்தின் அளவை உயர்த்துகின்றது. ஆகவே, காய்ச்சல் கண்ட ஒவ்வொருவனும் உடற்புண் மூளையைத் தொடும் என்பதற்குச் சாட்சியாவான். இரண்டாவது வழி நரம்பு. நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள உறுப்புகளை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு, அழற்சியை உணர்ந்து மேலே தெரிவிக்கின்றது. மூன்றாவது வழி அரணே தளர்தல். அழற்சி கடுமையாயின் குழாய்ச் சுவரின் நெருக்கம் நெகிழ்கின்றது. அப்போது தூதுப் பொருள்கள் மட்டுமன்றி வெள்ளணுக்களுங்கூட உள்ளே நுழைய இடமுண்டாகின்றது.

மூளையினுள் நிகழ்வது

மூளைக்குள்ளும் காவலர் உளர். ஸ்பெயின் தேசத்தினராகிய ரியோ ஒர்டேகா என்பவர் 1919-இல் பிரித்துக் காட்டிய மைக்ரோக்ளியா என்னும் சிற்றணுக்களே அவர்கள். சமாதான காலத்தில் இவை மெல்லிய கிளைகளை நீட்டி, நரம்பணுக்களின் இடையே அழுக்ககற்றியும் பழுது நோக்கியும் வாழும். புறத்திலிருந்து அழற்சியின் செய்தி வந்தவுடன் வடிவம் மாறி, தாமுஞ் சைட்டோகைன்களைப் பிறப்பிக்கும். இவ்வாறு உடம்பிலெழுந்த அழற்சியின் எதிரொலி மூளையிலும் எழுகின்றது.

இளையோரிடத்தும் நலமுள்ள மூளையிடத்தும் இவ்வெதிரொலி சிறிது நேரமே ஒலித்து அடங்கும். அதன் பயன் சோர்வும், உணவில் விருப்பமின்மையும், தனித்திருக்க விரும்புதலுமே. நோயுற்ற மாடு மந்தையை விட்டு ஒதுங்கிப் படுப்பதும் இதனாலேயே. இஃது ஓய்வெடுத்துப் புண்ணை ஆற்றிக்கொள்ளும் பொருட்டு இயற்கை வகுத்த நன்மையான ஒழுங்கென்று அறிஞர் கருதுகின்றனர். ஆனால் முதுமையிலும், மறதி நோய் முன்னமே வேரூன்றிய மூளையிலும், காவலணுக்கள் ஏற்கெனவே பாதி விழித்த நிலையில் உள்ளன. சிறு செய்தி வரினும் பெருங்கிளர்ச்சி செய்கின்றன, எளிதில் அடங்குவதுமில்லை. மேலும், கவனத்தைத் தாங்கும் அசெட்டில்கோலின் முதலிய நரம்புப் பொருள்கள் முதுமையிற் குறைந்தே இருக்கின்றன. ஆதலால் ஒரே அளவான புண் பேரனைச் சோரச் செய்ய, பாட்டனாரைக் கலங்கச் செய்கின்றது.

ஞாபகத்திற்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இக்கிளர்ச்சியால் எளிதில் ஊறுபடுகின்றது. 2007-இல் வெளியான ஒரு சோதனையில் எலிகளை இரு கூட்டமாக்கி, ஒன்றுக்கு மயக்க மருந்து மட்டும் கொடுத்தனர். மற்றதற்கு அம்மருந்தோடு மண்ணீரலையும் அறுத்து நீக்கினர். அறுவை செய்யப்பெற்ற எலிகளே முதல் நாளிலும் மூன்றாம் நாளிலும் கற்றதை மறந்தன. அவற்றின் ஹிப்போகாம்பஸிலேதான் அழற்சியின் அடையாளங்கள் மிகுந்து காணப்பட்டன. 2010-இல் வெளியான மற்றொரு சோதனையில், கால் எலும்பை முறித்துச் சரிசெய்வதற்கு முன்னரே, டி.என்.எஃப். என்னும் தூதுவனைத் தடுக்கும் மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தனர். அவற்றுக்கு மறதி நேரவில்லை. புறத்தே தூதுவனை நிறுத்தினால் அகத்தே கலக்கம் நேராமை கண்டபோது, புண்ணுக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பு வெளியாயிற்று.

எலிக்கு நேர்ந்தது மனிதர்க்கும் நேருமோ எனின், அதற்குஞ் சான்றுகள் உண்டு. இடுப்பு மூட்டு மாற்றப்பெற்றவர்களின் தண்டுவட நீரைச் சோதித்தபோது, இன்டர்லூகின்-6 முதலிய அழற்சிப் பொருள்கள் அதிலே மிகுந்திருந்தன. சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் வயிற்றுப்பகுதியில் அறுவை செய்யப்பெற்ற 8 ஆடவரின் மூளையைப் படம்பிடித்து, 2017-இல் தம் முடிவை வெளியிட்டனர். சிகிச்சைக்குப் பின் மூன்றாம் நான்காம் நாள்களில் மூளையின் காவலணுக்களின் குறி குறைந்தும், மூன்று மாதங்களுக்குப் பின் சிலரிடத்தே முன்னிருந்ததினும் கூடியும் தோன்றிற்று. அறுத்தது வயிறாயினும், அதன் விளைவு மூளையில் மாதக்கணக்காக நிற்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும், ஊகித்தது போல் எழுச்சி உடனே தோன்றாது முதலிற் குறைவே தோன்றியமையால், நிகழ்ச்சி நாம் மேலே கூறிய அளவு எளியதன்று என்பதும் பெறப்படும். எண்மரை மட்டும் கொண்டு முடிவு செய்தலும் ஆகாது.

நெருப்பை அணைத்தால் தீருமோ?

இதுவரை படித்த மாணவன் ஒருவன், ‘அழற்சியே காரணமாயின், அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததன்றோ?’ என வினவுவான். நல்ல வினாவே. வைத்தியர்களும் அவ்வாறே வினவினர். இருதய அறுவைக்கு உட்பட்ட 7507 பேரை 18 தேசங்களில் தெரிந்துகொண்டு, பாதிப்பேர்க்கு அழற்சியை வன்மையாக அடக்கும் மெத்தில்பிரெட்னிசலோனையும், மற்றவர்க்கு மருந்தற்ற போலியையும் கொடுத்துப் பார்த்தனர். 2015-இல் வெளியான முடிவு யாதெனில், இரு பிரிவிலும் நூற்றுக்கு 8 பேர் சித்தக் கலக்கமடைந்தனர் என்பதே. ஒரு வேறுபாடும் இல்லை.

இதனால் அழற்சிக் கொள்கை பொய்யாயிற்றென்று கொள்ளவேண்டுவதில்லை. ஆனால் நாம் அடக்கமாகப் பேசக் கற்றுக்கொள்ளவேண்டும். அழற்சி ஒரே பொருளன்று. தொடங்குவதும், வளர்வதும், தணிப்பதும் அதனுள்ளேயே பல பகுதிகள். எல்லாவற்றையும் ஒருங்கே அடக்கினால் ஆற்றும் பகுதியும் அடங்கிவிடும். அன்றியும், சித்தக் கலக்கத்திற்கு அழற்சி ஒன்றே காரணமன்று. மறதி நோயின் தொடக்கம், தணியாத நோவு, உறக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் தங்குதல், பழகாத இடம், தேவையற்ற தூக்க மருந்துகள், கண்ணாடியும் செவிக்கருவியுமின்றிக் கிடத்தல் ஆகியவை யாவும் சேர்ந்தே ஒருவரைக் கலங்கச் செய்கின்றன. அழற்சி மூளையைத் தள்ளாடச் செய்கின்றது; தள்ளாடும் மூளையை இவற்றுள் ஒன்றோ பலவோ கீழே தள்ளிவிடுகின்றன. ஆகையால், தள்ளாடச் செய்வதை நம்மால் முற்றும் நீக்க இயலாதாயினும், கீழே தள்ளுவனவற்றை நீக்க இயலும்.

நம்மாற் செய்யத்தக்கன

இவ்வுண்மை சோதனையாலும் உறுதிப்பட்டுள்ளது. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சார்ந்த மருத்துவமனையில் இருந்த, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி 1999-இல் வெளியாயிற்று. அவர்கள் இரணசிகிச்சைக்கு வந்தவரல்லர், பொது நோயாளிகள். அவர்களுள் ஒரு பிரிவினர்க்கு நாள், இடம், ஆள் இவற்றை அடிக்கடி நினைப்பூட்டியும், இரவில் உறங்கச் செய்தும், நடக்கச் செய்தும், கண்ணுஞ் செவியும் தொழிற்படக் கருவிகளைக் கொடுத்தும், நீர் பருகுவித்தும் வந்தனர். அப்பிரிவில் நூற்றுக்கு 10 பேரும், வழக்கப்படி நடத்தப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 15 பேரும் கலங்கினர். 2001-இல் வெளியான வேறோர் ஆராய்ச்சி நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. இடுப்பெலும்பு முறிந்து அறுவைக்கு வந்த 126 முதியோருட் பாதிப்பேரை, முதியோர் நோயிற் பயின்ற வைத்தியர் நாடோறும் பார்த்து, நோவு, நீர், மருந்து, உணவு, நடை ஆகியவற்றைத் திருத்தி வந்தனர். இப்பிரிவில் நூற்றுக்கு 32 பேரும், மற்றப் பிரிவில் நூற்றுக்கு 50 பேரும் கலக்கமுற்றனர். வன்மையான மருந்து செய்யாததை எளிய பராமரிப்பு செய்தது காண்க.

இவற்றிலிருந்து வீட்டார் அறிந்துகொள்ள வேண்டியவை சில. சிகிச்சைக்கு முன்னரே நோயாளியின் மறதி, குடிப்பழக்கம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மறையாது வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். மானம் கருதி மறைத்தல் பெருந்தீங்கு. மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் பல்வரிசையையும் வீட்டிலே பூட்டி வைத்துவிட்டு வாராது, உடன் கொண்டுவருக. பழகிய முகம் ஒன்று, முக்கியமாக மாலையிலும் இரவிலும், அருகிலிருப்பது நன்று. ஆனால் உறவினர் பதின்மர் கட்டிலைச் சூழ்ந்து உரக்கப் பேசுதல் நன்றன்று. பகலில் வெளிச்சமும் இரவில் இருளும் அமைதியும் வேண்டும். வைத்தியர் அனுமதித்தவுடன் எழுந்து உட்காரவும் நடக்கவும் துணைசெய்க. நோவைப் பொறுத்துக்கொள்ளும்படி முதியவரை வற்புறுத்தலாகாது; தணியாத நோவும் கலக்கத்திற்குக் காரணமாம். உறக்கம் வரவில்லையென்று கடையில் மருந்து வாங்கிக் கொடுத்தலும் ஆகாது.

கலக்கம் தோன்றிவிட்டால், அவர் கூறுவதை மறுத்து வாதாடுதலும், அதட்டுதலும், கையைக் கட்டுதலும் அச்சத்தை வளர்க்குமேயன்றிக் குறைக்கா. மெல்லிய குரலில், ‘அப்பா, நான் உங்கள் மகன், இது மருத்துவமனை, உங்கள் கால் சரியாகி வருகின்றது’ என மீண்டும் மீண்டும் கூறுதலே தக்கது. இதனினும் முக்கியமானது, காலந்தாழ்த்தாது வைத்தியர்க்குத் தெரிவித்தல். திடீரென்று தோன்றுங் கலக்கம் சிலகால் புண்ணிலோ நுரையீரலிலோ கிருமி புகுந்தமைக்கும், பிராணவாயு குறைந்தமைக்கும், சிறுநீர் தங்கியமைக்கும் முதல் அடையாளமாயிருக்கும். முன்னர்க் கூறிய சத்தமற்ற கலக்கத்திற்கும் இஃது ஒக்கும். நேற்றுப் பேசியவர் இன்று பேசாது கிடந்தால், அதனைச் சொல்ல வல்லவர் அவரை முன்னரே அறிந்த வீட்டாரேயன்றி வேறொருவரில்லை.

இவற்றைப் படித்தபின் யாரேனும், ‘அங்ஙனமாயின் முதியோர்க்கு இரணசிகிச்சையே வேண்டாம்’ என முடிவு செய்வாராயின், அது நம் கருத்தன்று. முறிந்த இடுப்பெலும்போடு படுக்கையிலேயே கிடத்தலால் உயிர்க்கு நேரும் ஆபத்து இதனினும் பெரிது. வேண்டிய சிகிச்சையை வேண்டிய காலத்திற் செய்தே தீரவேண்டும்; அதன்பின் வரக்கூடியதை அறிந்து காத்திருத்தலே அறிவுடைமை.

முடிவு

நாம் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். இரணசிகிச்சைக்குப் பின் வருங் கலக்கம் பேயுமன்று, பைத்தியமுமன்று, மயக்க மருந்தின் குற்றம் மாத்திரமுமன்று. புண்ணை ஆற்ற எழுந்த அழற்சி, இரத்தத்தின் வழியாலும் நரம்பின் வழியாலும் மூளையின் காவலணுக்களை எழுப்புகின்றது; முதுமையால் தளர்ந்த மூளை அதனைத் தாங்கமாட்டாது கலங்குகின்றது. அவ்வழற்சியை அளவோடு தணிக்கும் வழியை ஆராய்ச்சியாளர் இன்னுந் தேடுகின்றனர். இன்று கல்லூரியில் உயிர்நூலும் இரசாயன நூலும் பயிலும் மாணவருள் ஒருவரேனும் நாளை அத்தேட்டத்திற் பங்குகொள்வாராயின் நாம் மகிழ்வோம்.

ஆயினும் அந்நாள் வரும்வரை காத்திராமலே செய்யத்தக்க பணி ஒன்று ஒவ்வொருவர்க்கும் உண்டு. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவன், தன் பாட்டனார் மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்து தன்னை வேறு பெயரால் அழைக்கக் கேட்பானாயின், நகைக்கவேண்டா, அஞ்சவேண்டா, விலகிச் செல்லவும் வேண்டா. கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கில் மாட்டி, ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைத் தெளிவாகச் சொல்லுக. வைத்தியரிடம் தான் கண்டதைக் கூறுக. கற்ற கல்விக்கு இதனினும் நேரான பயன் வேறு யாதென நாம் அறியோம்.